அகலக்கோண வில்லைகள்: தேட்டமும் பயனும்

விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் எழுதப் புகின், சங்கப் பாடல்களின் சுவையையோ நாவலர் பெருமானின் உரைநடைச் சிறப்பையோ எழுதுவரென எதிர்பார்த்தல் இயல்பே. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கண்ணாடி வில்லை. தமிழாசிரியருக்குக் கமராவிலே என்ன வேலை என்று வினவும் பழைய மாணவரும் உளராகலாம். ஏட்டுச் சுவடிகளைத் தேடிக் காத்த சான்றோரின் வழிவந்தோர், ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வைப் பதிந்துவைக்கும் கருவிகளையும் தேடிக் காத்தல் முறையேயாம் என்பது எமது விடை. பதுளையிலும் ஊவாத் தோட்டப் புறங்களிலும் ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு இக்கருவிகளின் அருமை எவ்வாறு புலனாயிற்று என்பதையும், இவற்றைத் தேடுவோர் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பதையும் இங்கே சுருங்கக் கூறுவோம்.

ஒரு வில்லையின் குவியத்தூரம் குறையக் குறைய, அது காணும் பரப்பு விரியும். 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமும் உடைய படச்சுருளிலே, 50 மில்லிமீற்றர் வில்லை மூலைக்கு மூலை ஏறக்குறைய 47 பாகைக் கோணத்தைக் காணும். 35 மில்லிமீற்றர் வில்லை 63 பாகையையும், 28 மில்லிமீற்றர் வில்லை 75 பாகையையும், 21 மில்லிமீற்றர் வில்லை 92 பாகையையும் காணும். 35 தொடங்கிக் கீழுள்ளனவற்றையே அகலக்கோண வில்லைகள் என்பர்.

மலையும் பள்ளத்தாக்கும் நிறைந்த எமது மாகாணத்திலே, விரிந்த காட்சிகளை எடுக்கவே இவ்வில்லை வேண்டும் எனப் பலர் கருதுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. நமுனுகுல மலையை அகலக்கோண வில்லையால் எடுத்தால் அது புற்றளவாய்ச் சிறுத்துத் தோன்றும். தெமோதரையிலே 1921ஆம் ஆண்டு நிறைவுற்ற ஒன்பது வளைவுப் பாலத்தை எடுக்க விரும்புவோர் எதிர்ச்சரிவில் நூறு அடி பின்னே சென்று நிற்கலாம். பின்னே செல்ல இடமுள்ளவனுக்கு அகலக்கோண வில்லை இன்றியமையாததன்று. பின்னே செல்ல இடமில்லாதவனுக்கே அது வேண்டும்.

அவ்விடம் யாது? தோட்டத்து லயன் காம்பிராவே. அது பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவினது. அதனுள் அடுப்பும் கட்டிலும் துணிக்கொடியும் சாமிப் படமும் உள. படம் எடுப்பவர் ஒரு சுவரோடு முதுகை ஒட்டி நிற்க, குடும்பத்தார் எதிர்ச்சுவரோரம் 8 அடி தூரத்தில் அமர்ந்திருக்கின்றனர் என்று கொள்வோம். 50 மில்லிமீற்றர் வில்லை அத்தூரத்தில் 6 அடிக்கும் குறைந்த அகலத்தையே காணும். தாயும் தந்தையும் படத்தில் அடங்குவர், பாட்டியும் பிள்ளைகளும் வெளியே நிற்பர். 35 மில்லிமீற்றர் வில்லை 8 அடியைச் சற்றே கடக்கும். 28 மில்லிமீற்றர் வில்லை 10 அடியை, அஃதாவது சுவர் முழுவதையும் காணும். 21 மில்லிமீற்றர் வில்லையோ ஏறக்குறைய 14 அடியைக் காணுமாதலின் பக்கச் சுவர்களும் படத்தினுள் வந்துவிடும். இச்சிறு கணக்கே எம்மை இத்துறைக்கு இழுத்தது.

இனி, தூரமானிக் கமரா என்பது யாதென நோக்குவோம். இக்கமராவின் முகப்பிலே இரு சிறு சாளரங்கள் இருக்கும். இரண்டின் வழியாகவும் வரும் விம்பங்கள் கண்காணும் துளையிலே ஒன்றன்மேல் ஒன்றாய் விழும். வில்லையின் வளையத்தைத் திருப்ப, இரட்டையாய்த் தோன்றிய உருவம் ஒன்றாகும். அப்பொழுது தூரம் சரியாக அமைந்தது என்பது பொருள். வில்லையின் வழியே பார்க்கும் மற்றை வகைக் கமராவிலே, வில்லைக்கும் சுருளுக்கும் இடையில் ஓர் ஆடி நின்று எழுந்து விழவேண்டும். அவ்வாடிக்கு இடம் விடவேண்டுமாதலின், குறுகிய குவியத்தூரமுள்ள வில்லையைச் சுருளுக்கு அணித்தாய் வைத்தல் இயலாது. தூரமானிக் கமராவிலே ஆடி இல்லை. லைக்காவின் திருகுவாய்க் கமராவில் வில்லை பொருந்தும் தளத்துக்கும் சுருளுக்கும் இடையே 28.8 மில்லிமீற்றரே உண்டு. ஆடிக் கமராவாகிய நிக்கோன் எஃப் இலோ அது 46.5 மில்லிமீற்றர். ஆகவே தூரமானிக் கமராவுக்கு வில்லை அமைப்போர், பின்கண்ணாடி சுருளைத் தொடுமளவுக்கு உள்ளே புகுமாறு, முன்னும் பின்னும் ஒத்த எளிய அமைப்பிலே அமைக்கலாயினர். ஒத்த அமைப்பிலே நேர்கோடுகள் வளையா. லயத்தின் தூணும் நிலையும் கூரைவிளிம்பும் நேராகவே நிற்கும்.

ஆடிக் கமராவுக்கென அகலக்கோண வில்லையைப் புதுவழியில் அமைத்தவர் பிரான்சு நாட்டின் பியர் ஆஞ்செனியோ. அவர் 1950ஆம் ஆண்டு வெளியிட்ட 35 மில்லிமீற்றர் வில்லையே பின்வந்தவற்றுக்கு வழிகாட்டியது. ஆயினும் 1959இல் நிக்கோன் எஃப் கமராவுக்கென வந்த 21 மில்லிமீற்றர் வில்லையைப் பூட்டுவதற்கு ஆடியை மேலே தூக்கி நிறுத்தவேண்டியிருந்தது. அக்காலத்தில் அகலக்கோணத் துறையிலே தூரமானிக் கமராவே தலைமை பெற்று நின்றமைக்கு இதுவே சான்று.

வரலாற்றைச் சிறிது காண்போம். ஒஸ்கார் பார்ணாக் என்னும் ஜேர்மானியப் பொறிவல்லார் அமைத்த லைக்கா 1925ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையிலே அறிமுகமாயிற்று. 1930இல் அதன் வில்லைகளை மாற்றிப் பூட்டும் வசதி வந்தது. அவ்வாண்டே 35 மில்லிமீற்றர் எல்மாரும் வந்தது. 1932இல் தூரமானி பொருந்திய இரண்டாம் லைக்காவும், அதற்குப் போட்டியாகச் சைஸ் நிறுவனத்தாரின் கொண்டாக்ஸும் வெளிவந்தன. இவ்விரு நிறுவனங்களின் போட்டியே அகலக்கோண வில்லைகள் பெருகக் காரணமாயிற்று. சைஸ் நிறுவனம் 28 மில்லிமீற்றர் ரெசாரை வெளியிட, லைக்கா நிறுவனம் 1935இல் 28 மில்லிமீற்றர் ஹெக்டோரை வெளியிட்டது. லுட்விக் பேர்ட்டலே என்பார் அமைத்த 35 மில்லிமீற்றர் பயோகோன் அதன் பின் வந்து, ஒளி மிகுதியாலும் கூர்மையாலும் பெரும்பெயர் பெற்றது.

இரண்டாம் உலகப் போரின் பின் இக்கதை பல நாடுகளுக்குப் பரவிற்று. சைஸ் நிறுவனம் கிழக்கு ஜேர்மனியின் ஜெனாவிலும் மேற்கு ஜேர்மனியின் ஓபர்கோகனிலும் இரண்டாகப் பிரிந்தது. கொண்டாக்ஸ் செய்யும் பொறிகள் சோவியத்து நாட்டின் கீவ் நகருக்குச் சென்றன. பயோகோன் வில்லையும் அங்கே ஜுப்பிட்டர்-12 என்னும் பெயரோடு மறுபிறவி எடுத்தது. ஜெனாவிலிருந்து 25 மில்லிமீற்றர் டொப்போகோன் வந்தது. அது நான்கே கண்ணாடிகளால் ஆனது. ஆகாயப் படப்பிடிப்புக்கென முன்னர் அமைக்கப்பட்ட வில்லையின் சிறுவடிவம். யப்பானிய நிக்கோன் நிறுவனத்தின் 25 மில்லிமீற்றர் நிக்கோரும் அவ்வமைப்பினதே. ஓபர்கோகனின் 21 மில்லிமீற்றர் பயோகோன் 1954இலும், லைக்காவின் 28 மில்லிமீற்றர் சுமரோன் 1955இலும், ஷ்னைடர் நிறுவனம் லைக்காவுக்கெனச் செய்தளித்த 21 மில்லிமீற்றர் சூப்பர் அங்குலோன் 1958இலும் வந்தன. கனோன் நிறுவனம் 1964இல் 19 மில்லிமீற்றர் வரை இறங்கியது. சைஸ் நிறுவனத்தின் 15 மில்லிமீற்றர் ஹொலோகோன் 1969இல் வந்தது. அதன் கண்ணாடிகள் மூன்றே.

அன்று குறைந்த தொகையிலே செய்யப்பட்டமையால் இவற்றுட் பல இன்று அரும்பொருளாயின. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், பார்ணாக் தாமே பயன்படுத்திய 105ஆம் இலக்கத் தொடக்ககால லைக்கா 144 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அத்தகைய ஏலங்கள் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டா. ஆனால் ஜுப்பிட்டர்-12 போன்ற சோவியத்து வில்லைகளும், சில யப்பானிய 35 மில்லிமீற்றர் வில்லைகளும் இன்றும் எளியோர் தேடிப் பெறத்தக்கன. தேட்டம் என்பது விலையை மட்டுமே குறிக்கும் சொல்லன்று, தேடுதலையும் குறிக்கும்.

தேடுவோர் அறியவேண்டிய சிலவற்றைக் கூறுவோம். முதலாவது, வெளிக்காண்பான். கமராவின் சொந்தச் சாளரம் 21 அல்லது 28 மில்லிமீற்றர் அகலத்தைப் பெரும்பாலும் காட்டாது. அதன் தலைமேல் வேறொரு சிறு காண்பானைச் செருகியே எல்லையை அறிதல் வேண்டும். வில்லையிருந்தும் காண்பான் இன்றேல் அது பாதிப் பொருளே. இரண்டாவது, பின்கண்ணாடி. ஜுப்பிட்டர்-12, சூப்பர் அங்குலோன் முதலியவற்றின் பின்கண்ணாடி வெளியே புடைத்து நிற்குமாதலின், மூடியின்றிக் கீழே வைத்தால் கீறுபடும். சில கமராக்களின் உள்ளுறுப்புக்களில் இடிக்கவும் கூடும். மூன்றாவது, போலி. சோவியத்து நாட்டின் பெட், சோர்க்கி என்னும் கமராக்கள் மேலே லைக்கா என்று பெயர் பொறிக்கப்பட்டு விலைப்படுதல் உலகறிந்த செய்தி. வில்லைகளுக்கும் அவ்வாறே. எமக்குக் காட்டப்பட்ட ஒரு வில்லையிலே முன்வளையத்தில் பயோகோன் என்றும், தூர வளையத்தின் எண்களிலே சோவியத்து வில்லைக்குரிய எழுத்தமைப்பும் இருந்தன. பெயரை மாத்திரம் வாசியாது தொடரிலக்கம், எழுத்தின் வெட்டு, திருகு, உலோகத்தின் நிறம் ஆகிய யாவற்றையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும். சுவடி ஆராய்வோர் பாடபேதம் நோக்கும் முறை இங்கும் கைகொடுக்கும்.

நான்காவதும் தலையாயதும் பங்கசு. விளக்கொளியை வில்லையின் ஒரு புறமிருந்து பாய்ச்சி மறுபுறம் நோக்கினால், சிலந்திநூல் போன்ற இழைகள் தோன்றுமாயின் அது பங்கசு பிடித்த வில்லை. பங்கசு வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். அரித்த தழும்பு துடைத்தாலும் போகாது. வெண்புகைபோலப் படர்ந்திருப்பது எண்ணெய்ப் படிவு. அது பெரும்பாலும் துடைத்து நீக்கத்தக்கது. வானவில் நிறமுடைய வளையமோ மரப்பிசின் தோன்றும் விளிம்போ காணப்படின், ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று அறிக.

எமது மாகாணத்திலே வடகீழ்ப் பருவ மழைக்காலத்துப் பனிமூட்டம் அலுமாரிக்குள்ளும் புகும். அக்காலத்தில் தோலுறையிலே வில்லையை வைத்தல் பங்கசுக்கு விருந்து வைத்தலை ஒக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெற்றோரின் பிள்ளைகள் இதனை எளிதில் விளங்குவர். சூளையிலிருந்து வரும் தூளிலே ஏறக்குறைய மூன்று வீத ஈரமே உண்டு. காற்றுப் படவிட்டால் அது ஈரத்தை உறிஞ்சி மணமிழக்கும். ஆதலினாலேயே அதனை இறுக மூடிப் பொதி செய்கின்றனர். வில்லைக்கும் அத்தகைய பொதியே வேண்டும்: இறுக மூடும் பெட்டியும், அதனுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்காக் குருணிகளும். நீலக் குருணி இளஞ்சிவப்பாய் மாறியதும் வாணலியிலே மெல்லச் சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். பெட்டியினுள் ஈரப்பதன் 40 முதல் 50 வீதம் வரை இருத்தல் நன்று. மாதம் ஒருமுறை வில்லையை வெளியே எடுத்துப் பயன்படுத்துதல் எல்லாவற்றினும் நன்று. துணித் திரையுள்ள பழைய கமராவை மூடியின்றிச் சூரியனை நோக்கி வைத்துவிடலாகாது. வில்லை பூதக்கண்ணாடியாகித் திரையைச் சுட்டுத் துளைத்துவிடும்.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். அகலக்கோண வில்லையிலே ஓரங்கள் மங்குவது இயற்கை. ஒத்த அமைப்புடைய 21 மில்லிமீற்றர் வில்லையின் மூலைக்குச் செல்லும் ஒளி, நடுவிற்கு வருவதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே என்பது பழைய கணக்கு. பயோகோன் போன்றவை திறமையான அமைப்பால் இக்குறையைத் தணித்தன. ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் அகன்று தோன்றுமாதலின், முதியோரை நடுவிலே இருத்துக. கமராவை மேலோ கீழோ சாய்த்தால் சுவர்கள் கோபுரம்போற் கூம்பும், மட்டமாகப் பிடிக்க. பெரும் நன்மை ஒன்றும் உண்டு. 28 மில்லிமீற்றர் வில்லையைத் துவார எண் 8இல் நிறுத்தித் தூரத்தை 11 அடிக்கு வைத்துவிட்டால், ஐந்தரை அடி முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை யாவும் தெளிவாய் விழும். ஓடியாடும் பிள்ளைகளை எடுக்க இதனினும் ஏற்ற வழி இல்லை.

லயத்தினுள் வெளிச்சம் குறைவு. துவார எண் 5.6, 6.3 எனத் தொடங்கும் பழைய 28 மில்லிமீற்றர் வில்லைகள் அங்கே முன்பு பயன்பட்டது அரிது. இலக்கமுறைக் கமரா வந்தபின் அத்தடை நீங்கிற்று. 2009இல் வந்த லைக்கா எம் 9 முழுப் பரப்புள்ள முதல் இலக்கமுறைத் தூரமானிக் கமரா. அதன் பின் வந்த ஆடியற்ற கமராக்கள் பலவற்றிலும் ஓர் இணைப்பு வளையத்தோடு இவ்வில்லைகளைப் பூட்டலாம். சுருளுக்கு மிக அணித்தாய் நிற்கும் வில்லைகளின் கதிர்கள் சாய்வாக விழுவதால் ஓரங்களிலே செந்நிறம் படர்வதுண்டு. கறுப்பு வெள்ளைப் படமாக்கினால் அக்குறை மறையும். 1955இன் சுமரோன் வில்லையை லைக்கா நிறுவனமே 2016இல் மீண்டும் செய்து விற்கத் தொடங்கியது. பழைமையின் மதிப்புக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

நிற்க. இத்துணையும் கூறியது பொழுதுபோக்கின் பொருட்டு அன்று. இலங்கையிலே படப்பிடிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. புகழ்பெற்ற ஜூலியா மார்கரற் கமரொன் அம்மையார் 1875இல் இங்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றிலே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாத்தே ஆகிய நிலையத்தார் தோட்டக் காட்சிகளை எடுத்து உலகெங்கும் அனுப்பினர். 1944இல் மறைந்த லயனல் வெண்ட் லைக்காவையும் றொலிபிளெக்ஸையும் கொண்டு இந்நாட்டுப் படக்கலையை உயர்த்தினார். ஆயினும் அஞ்சலட்டைகளிலே நாம் காணும் தோட்டத் தொழிலாளி யார்? கூடை சுமந்து, மலையிலே, வெயிலிலே, சொன்னபடி நிற்கும் பெண். அவள் கூடையை இறக்கிவைத்தபின் வாழ்ந்த காம்பிராவின் உட்புறம் அஞ்சலட்டைக்கு வந்தது மிக அரிது. அவள் பெயர் எழுதப்படுவதோ அதனினும் அரிது.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேரை இந்நாட்டுக் குடிகளாக ஏற்கவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இலே இரு நாட்டுக்கும் சமபாதியாகத் தீர்மானிக்கப்பட்டது. ஒரே லயத்திலே அண்ணன் ஒரு நாட்டினனாகவும் தம்பி மறு நாட்டினனாகவும் ஆயினர். தலைமன்னாருக்குப் புறப்படுமுன் நகரத்துப் படநிலையத்திலே, வரைந்த திரைக்கு முன் எடுத்த ஒரு குடும்பப் படமே பல வீடுகளில் எஞ்சியது. அதிலே முகங்கள் உண்டு. வாழ்ந்த இடம் இல்லை. பின்னர் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. அங்கே மனிதரோடு சுவரிலே தொங்கிய படங்களும் மண்ணுக்குள் மறைந்தன.

இன்று சில தோட்டங்களிலே லயங்கள் இடிக்கப்பட்டுத் தனிவீடுகள் எழுகின்றன. எழட்டும், அதனை வேண்டாதார் யார்? ஆனால், நூற்றாண்டுக்கு மேலாக ஒரு சமுதாயம் சமைத்து உண்டு, பிள்ளை பெற்று, படித்து முன்னேறிய இடத்தின் உட்புறம் எவ்வாறு இருந்தது என்று எமது மாணவரின் பேரப்பிள்ளைகள் கேட்பின் எதனைக் காட்டுவோம்? அகலக்கோண வில்லை அலுமாரியிலே இருந்தால் அதன் விலை ஏறும், அவ்வளவே. காம்பிராவினுள் சென்றாற்றான் அது தான் செய்யப்பட்ட தொழிலைச் செய்யும்.

ஆகவே பழைய மாணவருக்கு மூன்று வேண்டுகோள்கள். வெளிநாடுகளிலும் கொழும்பிலும் வாழ்வோர், தந்தையாரின் பழைய கமராக்களும் வில்லைகளும் பெட்டிகளிலே கிடப்பின், இந்த மழைக்காலத்துக்கு முன் அவற்றைத் திறந்து பார்க்க. விற்பதாயினும் வைத்திருப்பதாயினும் பங்கசுக்கு இரையாக்க வேண்டா. இரண்டாவதாக, விடுமுறையிலே ஊவாவுக்கு வருவோர், ஒன்பது வளைவுப் பாலத்தை எடுத்தபின், தாம் பிறந்த லயத்துக்கும் செல்க. வீட்டாரின் இசைவு பெற்று, அடுப்படியையும் இஸ்தோப்பையும் பிரட்டுக் களத்தையும் எடுக்க. எடுத்த படத்தின் ஒரு பிரதியை அவ்வீட்டாருக்கே முதலில் கொடுக்க. மூன்றாவது வேண்டுகோளுக்கு வில்லையும் வேண்டா, பொருளும் வேண்டா. வீட்டிலுள்ள பழைய குடும்பப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றன் பின்புறத்திலும் மென்மையான பென்சிலாலே, இருப்போரின் பெயரும் தோட்டமும் ஆண்டும் எழுதிவைக்க. பெயர் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கின்றனர். அவர்களைக் கேட்கும் பொழுது இதுவே.